நாமினிக்குப் பணம் கொடுத்தேன், மூன்றாம் எதிரி ஆனேன்

வங்கி ஊழியர் மேல் எஃப்.ஐ.ஆர். விழுந்தால், கூடவே வேலை பார்ப்பவர்கள் முதலில் சொல்வது, "ஹைகோர்ட்ல ஒரு குவாஷ் போட்டுடு சார், முடிஞ்சிடும்" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்குக் குவாஷ், அதாவது வழக்கையே ரத்து செய்யும் உத்தரவு, கிடைத்தது. அதே வழக்கில், அதே கிளையில் வேலை பார்த்த சீனியர் கிளார்க்குக் கிடைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் மனிதர். நேர்மையில் எனக்கு ஒரு படி மேல். அப்படியிருந்தும் ஏன் கிடைக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் கிளை வடசென்னையில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரம். விசைப்படகு வைத்திருப்பவர்கள், ஐஸ் கம்பெனிக்காரர்கள், ஏலம் எடுக்கும் பெண்கள் என்று வாடிக்கையாளர்கள். கட்டிக்கொண்டு வரும் பணத்தில் கருவாட்டு வாசனை இருக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எஃப்.டி.யை உடைக்க வரிசை நிற்கும். அப்படி உடைக்காமலே வைத்திருந்த ஒரு படகு முதலாளி 2023-இல் இறந்தார். டெபாசிட் சுமார் பதினெட்டு லட்சம். மனைவி ஏற்கெனவே போய்விட்டார். கணக்கு தொடங்கியபோது நாமினி மூத்த மகன். பிறகு பெரியவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அந்தக் காலத்தில் சோறு பொங்கிப் போட்டது அவருடைய தங்கை. டி.ஏ.3 படிவத்தில் நாமினியைத் தங்கை பெயருக்கு மாற்றி, இடது கட்டை விரல் ரேகை வைத்திருந்தார். ரேகைக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர், இன்னொருவர் எங்கள் அண்ணன்.

நான் அந்தக் கிளைக்கு அதிகாரியாக மாற்றலாகி வந்தது, நாமினி மாறியதற்கு அடுத்த வருஷம். இதை நினைவில் வையுங்கள்.

பெரியவர் இறந்ததும் தங்கை இறப்புச் சான்றிதழோடு கிளெயிம் கொடுத்தார். அதே வாரத்தில் மூத்த மகன் வந்து, "எங்கப்பா கையெழுத்துப் போடுற ஆளு. கைநாட்டு எப்படி வந்துச்சு? யாருக்கும் காசு குடுக்காதீங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கோபம் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 45இசட்.ஏ. பிரிவின்படி நாமினிக்குக் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. அடுத்த பிரிவான 45இசட்.பி., டெபாசிட்தாரரைத் தவிர வேறு யாருடைய உரிமைக் கடிதமும் வங்கியைக் கட்டுப்படுத்தாது என்கிறது. நீதிமன்ற உத்தரவு வந்தால்தான் நிறுத்த வேண்டும். நாமினிக்குப் பணம் போனதாலேயே அது அவருக்குச் சொந்தமாகிவிடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் சொல்லிவிட்டது. வாரிசுகள் நாமினி மேல் சிவில் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் மகனுக்கு எழுத்தில் பதிலாகக் கொடுத்து, தடை உத்தரவு இருந்தால் கொண்டுவரச் சொல்லி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்தேன். உத்தரவு வரவில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 15 நாளுக்குள் கிளெயிம் முடிக்க வேண்டும். முடித்தேன்.

2024 தொடக்கத்தில் எஃப்.ஐ.ஆர். வந்தது. முதலில் போலீஸ் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட, மகன் ஜார்ஜ் டவுன் மாஜிஸ்திரேட்டிடம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 156(3)-இல் மனு போட்டு வழக்குப் பதிய உத்தரவு வாங்கியிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவரை வழக்கில் 'எதிரி' என்றுதான் எழுதுவார்கள். தங்கை முதல் எதிரி, அண்ணன் இரண்டாம் எதிரி, நான் மூன்றாம் எதிரி. இந்திய தண்டனைச் சட்டத்தின் 409 (நம்பிக்கை மோசடி), 420 (ஏமாற்றுதல்), 465 (போலி ஆவணம்), 120பி (கூட்டுச் சதி). எஃப்.ஐ.ஆர். நகலுக்கு ஸ்டேஷனில் கெஞ்ச வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின் பலன் அது.

இந்த 409-தான் வங்கிக்காரனுக்கு எமன். நம்பிக்கை மோசடிப் பிரிவுகளில் 'வங்கியாளர்' என்று தொழிலையே சொல்லி வைத்திருக்கும் பிரிவு. ஆயுள் தண்டனை வரை போகலாம். தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவில் இதுவே 316(5). ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு, அவசரப்பட்டுக் கைது செய்யாமல் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்ன பாதுகாப்பு 409-க்கு வராது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் எங்கள் பணி விதிப்படி தானாகவே சஸ்பென்ஷன். அதனால் குவாஷைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் முன்ஜாமீன். உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும் முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் கிடைத்தது. தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. கிளை திறக்கும் நேரத்தில் நான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நம்மிடம் நகைக்கடன் வாங்கிய ஏட்டே நோட்டை நீட்டுவார். அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

இதற்கிடையில் மண்டல அலுவலகத்துக்கு நானே எழுதித் தெரிவித்துவிட்டேன். அவர்களுக்கு வெளியிலிருந்து தெரிவது வேறு, நாமாகச் சொல்வது வேறு.

எங்கள் வக்கீல் மேடத்தின் சேம்பர் தம்புச் செட்டித் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி ஏறினால் வரும். நான் ஒரு மணி நேரம் என் நியாயத்தைச் சொன்னேன். விதி, சுற்றறிக்கை, இருபது வருஷ சர்வீஸ், ஒரு மெமோ கூட வாங்காதது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், இதெல்லாம் விசாரணையில சொல்ல வேண்டியது. குவாஷுக்கு நீங்க நல்லவரா கெட்டவரான்னு கோர்ட் பார்க்காது. புகார்ல இருக்கிறது அத்தனையும் உண்மைன்னே வெச்சுக்கும். அப்படி வெச்சுக்கிட்டாலும் உங்க மேல குற்றம் நிக்குதான்னு மட்டும் பார்க்கும்" என்றார். புகாரை என் கையில் கொடுத்து, என் பெயர் வரும் இடங்களில் பென்சிலால் கோடு போடச் சொன்னார். இரண்டே இடம். ஒன்று, கடிதம் கொடுத்தும் பணத்தைக் கொடுத்தார் என்பது. இன்னொன்று, மற்ற இருவரோடு கூட்டுச் சதி செய்தார் என்பது. எப்போது, எங்கே, எப்படி என்று ஒரு வரி இல்லை. அண்ணன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று அவர் என்னிடம் காட்டவில்லை. தன் பிரதியில் மட்டும் கோடு போட்டுக்கொண்டார்.

இதற்கான அளவுகோல் 1992-இல் வெளியான பஜன் லால் தீர்ப்பில் இருக்கிறது. ஏழு வகைச் சூழல்களைச் சொல்லி, அவற்றில் வழக்கை ரத்து செய்யலாம் என்கிறது. எங்களுக்குப் பொருந்தியது முதல் வகை: புகாரை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் குற்றம் எதுவும் தெரியாத நிலை. ஏழாவது வகை, உள்நோக்கத்தோடு பழிவாங்கப் போட்ட வழக்கு. எனக்கு ஏழாவதின் மேல்தான் ஆசை. மேடம் அதை ஒரு பத்தியோடு நிறுத்தினார். அப்பா பணம் அத்தைக்குப் போன ஆத்திரத்தில் இருக்கும் மகனைக் கெட்ட எண்ணக்காரர் என்று நிரூபிக்கக் கிளம்பினால், அதற்கே தனி விசாரணை வேண்டும், குவாஷ் போய்விடும் என்றார்.

அடுத்தது ஆவணங்கள். நம் தரப்புக் காகிதங்களை உயர் நீதிமன்றம் இந்தக் கட்டத்தில் பொதுவாகப் பார்க்காது. ஆனால் 2013-இல் ராஜீவ் தாப்பர் வழக்கில் ஒரு வாசல் திறந்தது. யாராலும் மறுக்க முடியாத, புகாரின் அடித்தளத்தையே தகர்க்கும் ஆவணமாக இருந்தால் பார்க்கலாம். அப்படி என்னிடம் இருந்தவை: மாற்றல் உத்தரவும், கிளையில் சேர்ந்த தேதிக் கடிதமும். நாமினி மாறிய நாளில் நான் வேறு கிளையில் இருந்தேன், ரேகைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதை அவையே சொல்லும். அடுத்து நாமினேஷன் ரிஜிஸ்டர் பக்கம், மகனுக்கு நான் எழுதிய பதில், அதில் அவர் போட்ட கையெழுத்து. இவ்வளவுதான் டைப்டு செட்டில், அதாவது மனுவோடு கொடுக்கும் ஆவணத் தொகுப்பில், போனது. சக ஊழியர்கள் ஆசையாக எழுதித் தந்த நற்சான்றுக் கடிதங்கள் சேம்பரிலேயே தங்கிவிட்டன.

எஃப்.ஐ.ஆர். பழைய சட்டத்தில் இருந்தாலும், மனு போட்டது 2024 ஜூலை 1-க்குப் பிறகு என்பதால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-க்குப் பதில், அதன் இடத்தில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவில் கிரிமினல் ஓ.பி. (குவாஷ் கேட்கும் மனு) போட்டார் மேடம். அதிகாரம் அதேதான், எண் மட்டும் மாறியிருக்கிறது.

இங்கேதான் அண்ணன் விஷயம். ஒரே மனுவாகப் போட்டால் செலவு குறையும் என்று நானும் அண்ணனும் நினைத்தோம். மேடம் பிடிவாதமாகத் தனித்தனியாகப் போட்டார். "உங்க ரெண்டு பேர் மேல இருக்கிற குற்றச்சாட்டு ஒண்ணு இல்ல சார்." எனக்கு அன்று அது கட்டணம் வாங்கும் வழியாகத் தோன்றியது. அண்ணன்தான், "மேடம் சொல்றபடி செய்வோம் தம்பி" என்றார்.

மனு போட்டவுடன் விசாரணைக்கு ஸ்டே கிடைக்கும் என்று நம்பாதீர்கள். 2021-இல் நீஹாரிகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகச் சொன்னது: போலீஸ் விசாரணையைப் போகிற போக்கில் நிறுத்தக் கூடாது, காரணம் சொல்லாமல் 'கடும் நடவடிக்கை கூடாது' என்று இடைக்கால உத்தரவு போடவும் கூடாது. எங்களுக்கு ஸ்டே இல்லை. காஸ் லிஸ்டில் (அன்றைய வழக்குப் பட்டியல்) வரும், அரசுத் தரப்பு டைம் கேட்கும், புகார்தாரருக்கு நோட்டீஸ் சேரவில்லை என்பார்கள், தள்ளிப்போகும். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோ ஏறி ஹைகோர்ட் நிறுத்தத்தில் இறங்குவது மட்டும்தான் இந்த வழக்கில் சுலபமான காரியம். மனு நிலுவையில் இருக்கும்போதே போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டது. நான் இடிந்து போனேன். மேடம் சிரித்தார். குற்றப்பத்திரிகை வந்துவிட்டாலும் குவாஷ் மனுவைக் கேட்கலாம் என்று 2018-இல் ஆனந்த் குமார் மொஹட்டா வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. கோரிக்கையைத் திருத்தினார். போலீஸிடம் சாட்சிகள் கொடுத்த வாக்குமூலங்களும் இப்போது கைக்கு வந்தன. அதில் யாரும் சதி என்று என்னைக் காட்டவில்லை. விசாரணை முடிந்தும் என் மேல் புதிதாக ஒன்றும் இல்லை என்று காட்ட, அது முடிந்ததே வசதியாகப் போயிற்று.

இந்த இடைவெளியில் ஆளுக்கொரு யோசனை. ஒன்று, "நீ பொதுத்துறை வங்கி ஆபீசர், அரசு அனுமதி இல்லாம கேஸ் போட முடியாது." தவறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆம் பிரிவின் பாதுகாப்பு, அரசால் மட்டுமே பதவி நீக்கக்கூடியவர்களுக்குத்தான். பொதுத்துறை வங்கி அதிகாரிக்கு அது கிடையாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒரு ஸ்டேட் வங்கி அதிகாரி வழக்கில் தெளிவாகச் சொன்னது. இன்னொன்று, சமரசம். மகன் பக்கத்திலிருந்து ஒருவர் டீக்கடைக்குக் கூப்பிட்டு, ஐந்து லட்சம் கொடுத்தால் வாபஸ் என்றார். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் 409 போய்விடாது, அது சமரசத்துக்கு உட்படாத பிரிவு. தனிநபர் தகராறு தீர்ந்தால் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2012-இல் கியான் சிங் தீர்ப்பு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் செய்யாத குற்றத்துக்குக் கைக்காசு கொடுத்த வங்கி அதிகாரியை, ஊழலைக் கண்காணிக்கும் விஜிலென்ஸ் பிரிவு எப்படிப் பார்க்கும்? நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பணத்தைச் சுருட்டிய ஊழியர் மேல் வங்கியே புகார் கொடுத்த வழக்குகள் வேறு ஜாதி. பணத்தைத் திருப்பிக் கட்டினாலும், பொருளாதாரக் குற்றம் என்று கோர்ட் எளிதில் விடாது.

வாதம் நடந்த நாள் மதியத்துக்கு மேல் எங்கள் ஐட்டம் வந்தது. மேடம் பேசியது பத்து நிமிஷத்துக்குள். முதலில் தேதிகள்: நாமினி மாற்றம், நான் சேர்ந்தது, இறப்பு, கடிதம், பதில், பணம் கொடுத்தது. பிறகு 45இசட்.ஏ., 45இசட்.பி. சட்டம் கொடு என்று சொன்னதைக் கொடுத்ததில் ஏமாற்றும் எண்ணம் எங்கே என்ற கேள்வி. 2024 ஆகஸ்டில் வந்த டெல்லி ரேஸ் கிளப் தீர்ப்பைக் காட்டி, ஒரே சம்பவத்துக்கு ஏமாற்றுதலும் நம்பிக்கை மோசடியும் சேர்ந்து வர முடியாது என்றார். ஏமாற்றுதலில் ஆரம்பத்திலேயே வஞ்சக எண்ணம் வேண்டும், நம்பிக்கை மோசடியில் ஒப்படைத்த பிறகு. இங்கே இரண்டையும் எழுதியிருப்பதே யோசிக்காமல் பிரிவு போட்டதைக் காட்டுகிறது என்றார்.

பெரிதும் உதவியது 2024 அக்டோபரில் வந்த எச்.டி.எஃப்.சி. வங்கி எதிர் பீகார் மாநிலம் தீர்ப்பு. பாட்னாவில் வருமான வரித்துறை ஒருவரின் கணக்குகளையும் லாக்கரையும் முடக்குகிறது. பிறகு கணக்குகளுக்கு மட்டும் தடை நீங்குகிறது. வங்கி ஊழியர்கள் அதை லாக்கருக்கும் சேர்த்து என்று புரிந்துகொண்டு லாக்கரைத் திறக்க விட்டுவிடுகிறார்கள். வங்கி மேல் வழக்கு. உச்ச நீதிமன்றம் அந்த எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தது. வஞ்சக எண்ணம் இருந்ததாகப் புகாரிலேயே இல்லாதபோது கிரிமினல் வழக்கு நிற்காது என்று. "அங்கே உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களுக்கே குற்ற எண்ணம் இல்லை என்றால், இங்கே சட்டத்தைச் சரியாகப் பின்பற்றியவருக்கு எப்படி வரும்?" என்று முடித்தார். எனக்குக் கைதட்டத் தோன்றியது, கோர்ட் என்பதால் சும்மா இருந்தேன்.

எல்லா வாதமும் எடுபடவில்லை. கடன் வாங்கியவர்கள் வங்கி அதிகாரிகள் மேல் மாஜிஸ்திரேட் வழியாக வழக்குப் போட்டு அலைக்கழிப்பதைப் பார்த்து, 156(3) மனுவோடு பிரமாணப் பத்திரம் கட்டாயம் என்று 2015-இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பல வங்கிக்காரர்களைக் காப்பாற்றிய தீர்ப்பு. எங்கள் புகார்தாரரின் வக்கீல் விவரமானவர், பத்திரம் ஒழுங்காகவே இருந்தது.

நீதிபதி அரசுத் தரப்பைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: மூன்றாம் எதிரி பணம் கொடுத்ததைத் தவிர வேறு என்ன செய்தார்? பதில் வரவில்லை. என் வரைக்கும் வழக்கு ரத்து.

அண்ணனின் மனு அடுத்த ஐட்டம். அங்கே புகார் நேரடியாகச் சொல்கிறது: பெரியவர் வங்கிக்கு வரவே இல்லை, அவருடைய ரேகை அது இல்லை, இவர் பொய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் சொல்வது, தானே பெரியவரின் வீட்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ரேகை வாங்கியதாக. நான் அதை நூற்றுக்கு நூறு நம்புகிறேன். ஆனால் குவாஷில் புகாரை உண்மை என்று வைத்துக்கொள்ள வேண்டுமே. அப்படி வைத்தால் அண்ணன் மேல் குற்றம் நிற்கிறது. இன்னொரு சாட்சியான பக்கத்து வீட்டுக்காரர் போலீஸில், "வாசலில் நின்றேன், உள்ளே பார்க்கவில்லை" என்று சொல்லியிருந்தார். யார் சொல்வது சரி என்பதை விசாரணை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மனு தள்ளுபடி. ஒரே மனுவாகப் போட்டிருந்தால் அந்தக் கேள்வி என்னையும் சேர்த்து இழுத்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அண்ணனுக்குத் துறை விசாரணையும் நடந்தது. அதில் குற்றம் நிரூபணமாகவில்லை என்று வந்திருக்கிறது. அதை வைத்து உடனே கிரிமினல் வழக்கு போய்விடும் என்று நினைத்தோம். 1996-இல் பி.எஸ். ராஜ்யா வழக்கில் அப்படி ரத்தானது உண்மைதான். 2020-இல் சிட்பி (சிறுதொழில் வளர்ச்சி வங்கி) அதிகாரி ஒருவருக்கும் அதே அடிப்படையில் கிடைத்தது. ஆனால் 2012-இல் அஜய் குமார் தியாகி வழக்கில், துறையில் விடுபட்டால் மட்டும் வழக்கு தானாக முடிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே குற்றச்சாட்டு, அதே ஆதாரம், அதைத் தீர ஆராய்ந்து 'குற்றமே இல்லை' என்று எழுதியிருக்க வேண்டும். அண்ணனின் அறிக்கையில் 'போதிய சாட்சியம் இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். விசாரணை அதிகாரி இன்னும் இரண்டு பக்கம் காரணம் எழுதியிருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும். துறை விசாரணையில் இருப்பவர்கள் எழுத்து வாதத்தில் இதை வலியுறுத்திக் கேளுங்கள்.

எனக்கு உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் போட்டு, மண்டல அலுவலகத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் சீல் வாங்கினேன். குற்றப்பத்திரிகை வந்ததிலிருந்து என் பதவி உயர்வு முடிவு சீல் வைத்த கவரில் கிடந்தது. நகல் போன பிறகுதான் பிரித்தார்கள். ஸ்டேஷனிலும், ஜார்ஜ் டவுன் கோர்ட்டிலும் ஒரு நகல் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய சம்மன் வந்து நிற்கும்.

அண்ணனுக்கு அடுத்த வழி டிஸ்சார்ஜ் மனு, அதாவது வழக்கிலிருந்து விடுவிக்கச் சொல்லி விசாரணை நீதிமன்றத்திலேயே கேட்பது. புதிய சட்டத்தில் ஆவண நகல்கள் கைக்கு வந்த 60 நாளுக்குள் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. எந்தச் சட்டம் இந்த வழக்குக்கு என்ற வம்புக்கே போகாமல் மேடம் அந்தக் கெடுவுக்குள் போட்டுவிட்டார். கூடவே பெரியவரின் ரேகையைக் கைரேகை நிபுணர் ஒப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு பென்ஷன் வவுச்சரில் அவர் வைத்த வேறு ரேகைகள் கிளையில் இருக்கின்றன. அந்தப் பழைய வவுச்சர் கட்டுகள் இப்போது என் பொறுப்பில். அழிக்கும் கெடு வந்தாலும் அழிக்கக் கூடாது என்று எழுதி, ஆவண அறைப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.